எதிரே ஒரு தட்டு

மஞ்சள் பூசணிக்குத் தோல் சீவக் கத்தி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, மணிக்கட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். அடுத்தக்காவுக்கு இரண்டும் இருந்தன. காயைப் பிளந்து, விதையை விரலால் வழித்து எறிந்து, கீற்றை இடது கையில் ஏந்திக்கொண்டு வெளிப்பக்கமாகச் சீவுவாள். தோல் ஒரே நாடாவாகக் கூடையில் விழும். கீற்றுகள் பெரிய அண்டாவுக்குப் போகும். அன்று ஒரு கீற்று மட்டும் அண்டாவுக்குப் போகாமல் பக்கத்திலிருந்த சின்னக் கிண்ணத்துக்குப் போனது.

"அது யாருக்கு, மகாராணிக்கா?" என்றாள் பாத்திரக்காரி, தொட்டிக்குள் முழங்கை வரை நுரையோடு.

"ஆமா."

"நேத்து கேரட்டு போச்சு, முந்தாநாள் உருளைக்கிழங்கு போச்சு. மகாராணி எதையாவது முழுங்கினாளா இல்லையா?"

"துப்பிட்டா."

"அடிப்பாவி! இந்த ஃபாக்டரியே உன் கைச் சோத்துக்கு வரிசையில நிக்குது. பல்லு முளைக்காத ஒரு பொக்கை வாய் உன்னத் தோக்கடிச்சிருச்சே!"

அடுத்தக்கா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அடுத்த கீற்றை எடுத்தாள்.

காலணித் தொழிற்சாலையின் கேன்டீனில் அவள் சமைக்கவும் செய்வாள், பரிமாறவும் செய்வாள். மதிய மணி அடித்ததும் ஆட்கள் தட்டோடு வரிசையில் வருவார்கள். இவள் கரண்டியால் ஒரு தட்டு, ஒரு தட்டு என்று நிரப்பி, தலை நிமிராமல் "அடுத்தது" என்பாள். அப்படி வந்த பெயர்தான் அடுத்தக்கா. உப்பு எவ்வளவு என்று அவள் பார்த்துப் போட்டதில்லை. கை தானாக டப்பாவுக்குப் போகும், தானாக அள்ளும், தானாகத் தூவும். யாரும் கூட என்றோ குறைவு என்றோ சொன்னது கிடையாது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரே தங்கை இருந்தாள். குழந்தை பிறந்து ஒரு மாதம் கூட நிறையாத நிலையில் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. பிள்ளை பெற்ற உடம்புக்கு வரும் காய்ச்சலைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வீட்டில் ஒரு நாள் பார்க்கலாம் என்றார்கள், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்தும் பயனில்லை, தங்கை போய்விட்டாள். தங்கை புருஷன் லாரி ஓட்டுபவன். கைக்குழந்தையை வண்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. அதனால் குழந்தை பெரியம்மா வீட்டுக்கு வந்தது.

அன்று முதல் அடுத்தக்கா அழவில்லை. அழுத்தக்காரி என்று சிலர் சொன்னார்கள். கேன்டீனில் ஒரு மூட்டை வெங்காயம் நறுக்கும்போது பாத்திரக்காரியின் கண்ணில் தாரை தாரையாக வழியும், இவள் கண் வறண்டு கிடக்கும். "வெங்காயத்துக்கே அசையாதவ" என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் நினைத்ததுபோல் அது நெஞ்சழுத்தம் இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப் போகுமே, அப்படி. கீழே கல் இருப்பது தெரியும், குத்துவது தெரியாது. குழந்தைக்குப் பால் கரைத்தாள், துணி மாற்றினாள், குளிப்பாட்டினாள், தூங்க வைத்தாள். எல்லாம் சுத்தமாகச் செய்தாள். ஒன்று முடிந்தால் அடுத்தது.

பகலில் குழந்தை கீழ்வீட்டுத் தையல்காரியிடம் இருக்கும். அவளும் தனி ஆள். மிஷினுக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி, காலால் பெடலை மிதித்துக்கொண்டே ஒரு கையால் தொட்டிலை ஆட்டுவாள்.

ஆறு மாதம் முடிந்ததும் குழந்தைக்குச் சாப்பாடு பழக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதைக் கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு வழக்கு. தையல்காரி வாழைப்பழம் என்றாள். பாத்திரக்காரி கஞ்சி என்றாள். கேன்டீனுக்கு ரொட்டி கொண்டு வருபவன் பாலில் ரொட்டியை ஊற வை என்றான், அவனுக்கு வியாபாரம். அடுத்தக்கா உருளைக்கிழங்கில் தொடங்கினாள். துப்பியதும் மறுநாள் கேரட். அதையும் துப்பியதும் பூசணி. நன்றாக வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, துணியில் வடிகட்டித் தண்ணீர்போல் ஆக்கி, குழந்தையை மடியில் சாய்த்து, கரண்டியை வாய்க்குள் நுழைத்தாள். குழந்தை நாக்கால் தள்ளியது. கன்னத்தில் வழிந்ததை வழித்து மறுபடி நுழைத்தாள். வாயை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பியது. அவ்வளவுதான். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பாலைக் கரைத்தாள்.

"நிப்பிள்ள ஓட்டைய கொஞ்சம் பெருசாக்கி, கஞ்சியப் பாட்டில்லயே விட்டுரு. தெரியாமக் குடிச்சிரும்" என்றாள் தையல்காரி.

அது தப்பான யோசனை. புரையேறினால் உயிருக்கு ஆபத்து. ஆனால் நல்ல மனதோடு சொன்ன யோசனை. அடுத்தக்கா கத்தரிக்கோலைக் கூடக் கையில் எடுத்தாள். ஏனோ வெட்டாமல் வைத்துவிட்டாள்.

அந்த வாரத் தொடக்கத்தில் லாரிக்காரன் வந்திருந்தான். வந்தால் வாசற்படியோடு நின்று குழந்தையை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். உட்காரமாட்டான். ஏதாவது சாப்பிடுகிறாயா என்றால் கடையில் ஆயிற்று என்பான். அன்று குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போன தடவ இருந்த மாதிரியேதான் இருக்கா" என்றான்.

"சாப்பிட மாட்டேங்கறா, தம்பி."

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எங்க அக்கா கேட்டுக்கிட்டே இருக்குது. நாலு பிள்ளைய வளத்த வீடு. உங்களுக்கும் வேலை, சமையல், எல்லாம்... சனிக்கிழமை வர்றேன். அதுக்குள்ள சாப்பிட ஆரம்பிச்சிட்டா பாப்போம். இல்லேன்னா நான் கொண்டு போய் விட்டுர்றேன்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பு என்ன இருக்கு" என்றாள் அடுத்தக்கா.

சொன்னது சரிதான். அவன் அக்கா நல்லவள், வீடு பெரிது, பால்மாடு போலப் பொறுமை உள்ளவள். ஒரு குறையும் சொல்ல முடியாது. அவன் போன பிறகு அடுத்தக்கா அடுப்படிக்குப் போய்ப் பால் பாட்டில்களைக் கழுவினாள். கழுவி முடித்ததைத் திரும்பவும் கழுவினாள். அப்போதுதான் தெரிந்தது, இந்தக் குழந்தை போகக் கூடாது என்று தனக்கு இருக்கிறது என்பது. வலிக்கவில்லை. கல் இருப்பது மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை கேன்டீன் மதியத்தோடு முடியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பூசணிக் கூழை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, சுகாதார மையத்துக்குப் போனாள். அங்கே ஒரு நர்ஸ், சின்னப் பெண், இவளைவிட நன்றாக இளையவள், வாய் மட்டும் பெரியது. எடை போடும் தட்டில் குழந்தையை வைத்து, முள்ளைப் பார்த்து, "ம்" என்றாள். அந்த "ம்" நல்ல "ம்" இல்லை.

"பயப்படற மாதிரி இல்லக்கா. ஆனா ஏறல. இனிமே வெறும் பாலு போதாது, ரத்தம் ஊறணும். என்ன குடுக்கறீங்க?"

அடுத்தக்கா டப்பாவை நீட்டினாள். நர்ஸ் ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

"ஆஹா! ரொம்ப நல்லாருக்கு."

"அப்புறம் ஏன் துப்பறா?"

"நல்லா இருக்குன்னா உப்பு இருக்குன்னு அர்த்தம். இந்த வயசுப் பிள்ளைக்கு உப்பு எதுக்கு?"

"நான் போடலையே."

"நீங்க போடல. உங்க கை போட்ருக்கு."

அடுத்தக்கா தன் வலது கையைப் பார்த்தாள். போட்ட நினைவே இல்லை. ஆனால் நர்ஸ் சொல்வது பொய்யாக இருக்க வழியில்லை, அந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

"உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம். ஒரு வயசு வரைக்கும் தேன் நாக்குல கூட வைக்காதீங்க. பாட்டில்ல கஞ்சி ஊத்தற வேலையே கூடாது" என்று நர்ஸ் வேகமாகச் சொன்னாள். அடுத்தக்காவுக்குக் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது. "எங்க, உக்கார வைங்க பாப்போம்."

முதுகுக்கு ஒரு கையைக் கொடுத்ததும் குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்தது. தலை ஆடவில்லை. நர்ஸின் பேனாவை எட்டிப் பிடித்து நேரே வாய்க்குக் கொண்டு போனது.

"எல்லாம் தயாராத்தான இருக்கா. என்னதான் பிரச்சனை உனக்கு?" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்ட நர்ஸ், எதையோ யோசித்து நின்றாள். "அக்கா, ஒண்ணு கேக்கறேன். யாராவது சாப்பிடறதை இவ பாத்துருக்காளா?"

"என்னது?"

"நீங்க சாப்பிடறதைப் பாப்பாள்ல?"

"நான் கேன்டீன்ல சாப்பிட்ருவேன். நின்னுக்கிட்டே. அண்டாவுல மிச்சம் இருக்கறத."

"ராத்திரி?"

"பசிக்காது."

"பகல்ல பாத்துக்கறவங்க?"

"இவ தூங்கினப்புறந்தான் அவளுக்குக் கை ஒழியும். அப்பத்தான் சாப்பிடுவா."

"இவங்க அப்பா?"

"வாசல்லயே நின்னுட்டுப் போயிருவார்."

நர்ஸ் மேஜையில் சாய்ந்துகொண்டாள். "அப்ப இந்த உலகத்துல சாப்பாடுன்னு ஒண்ணு இருக்கறதே இவளுக்குத் தெரியாதுக்கா. திடீர்னு மடியில சாய்ச்சுப் போட்டு ஒரு இரும்ப வாயில விடறீங்க. நானா இருந்தா உங்களக் கடிச்சிருப்பேன்."

அடுத்தக்கா டப்பாவை மூடிக் கீழே வைத்தாள்.

"எதிர்ல உக்கார வைங்க. நீங்க தட்டு போட்டு உக்காந்து சாப்பிடுங்க. அவ திங்கறதையே நீங்களும் தின்னுங்க, உப்பில்லாம. விரலால நசுக்கினா நசுங்கற மாதிரி வேகட்டும், கூழாக்க வேண்டாம். கையில எடுத்தா எடுக்கட்டும். ஓக்காளிச்சா பயப்படாதீங்க, சத்தம் வர்ற வரைக்கும் ஒண்ணுமில்ல. சத்தமே வரலேன்னாத்தான் பயப்படணும். ஒரே காயை ரெண்டு மூணு நாள் குடுத்துப் பாத்துட்டு அப்புறம் வேற. தினம் ஒண்ணு மாத்தாதீங்க. அவசரமே இல்ல."

"இன்னிக்கு சாயங்காலம் அவங்க அப்பா வர்றார்" என்றாள் அடுத்தக்கா.

"வரட்டும். அவரையும் உக்காந்து சாப்பிடச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து, முதலில் தொடங்கிய உருளைக்கிழங்கையே வேகப் போட்டாள். மிச்சமிருந்த பூசணிக் கீற்றை மூடி வைத்தாள். தண்ணீர் கொதித்ததும் கை உப்பு டப்பாவுக்குப் போனது. இந்த முறை பிடித்துவிட்டாள். டப்பாவை எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் வைத்தாள். இறங்கி வந்ததும் கை பழைய இடத்துக்கே மறுபடி போய் வெறும் பலகையைத் தடவியது.

குழந்தையைச் சுவரோரம் உட்கார வைத்து இரு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்தாள். எதிரே தனக்கு ஒரு தட்டுப் போட்டாள். தட்டைத் தேட வேண்டியிருந்தது, அலமாரியின் அடியில் பழைய துணிகளுக்கு உள்ளே போயிருந்தது. கிழங்கைத் தோலுரித்து விரல் நீளத்துக்கு நறுக்கி ஆற வைத்தாள். உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவள், தன் தட்டுக்கு முன்னால் வேலை கேட்டு வந்த ஆள் மாதிரி இருந்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். உப்பில்லாத கிழங்கு. மண்ணும் மாவுமாக இருந்தது. மென்றாள். விழுங்கினாள். தொண்டையில் நின்று, யோசித்து, இறங்கியது.

குழந்தை அவள் வாயையே பார்த்தது. இரண்டாவது துண்டை எடுத்தாள். குழந்தையின் பார்வை தட்டுக்கு வந்து, கையோடு மேலே ஏறி, வாயில் போய் நின்றது. மூன்றாவது துண்டுக்குக் குழந்தையின் வாயும் சேர்ந்து திறந்து மூடியது, உள்ளே ஒன்றும் இல்லாமல். வழக்கமாக இருந்தால் இந்நேரம் அவள் கரண்டியை நுழைத்திருப்பாள். நுழைக்கவில்லை. தட்டைச் சற்று முன்னால் தள்ளி வைத்துவிட்டுத் தன்பாட்டுக்குத் தின்றாள்.

குழந்தை குப்புறச் சாய்ந்து தட்டில் கையைப் போட்டது. கிழங்கு கைக்குள் நசுங்கி விரல் இடுக்கில் பிதுங்கியது. முஷ்டியோடு வாய்க்குக் கொண்டு போனது. பாதி மூக்கில், பாதி கன்னத்தில். மிச்சம் வாய்க்குள். முகத்தைக் கோணியது. நாக்கு வெளியே வந்து, உள்ளே போனது. பிறகு ஓக்காளம் வந்தது, கண்ணில் நீர் கட்டியது, முகம் சிவந்தது. அடுத்தக்காவின் இரண்டு கைகளும் எழுந்து பாதியில் நின்றன. சத்தம் வருகிறதா? வந்தது. க்ர்க் க்ர்க் என்று வந்தது. கைகளைத் தொடைமேல் இறக்கி வைத்துக்கொண்டாள். குழந்தை ஒரு துண்டை முன்னால் தள்ளித் துப்பியது, துப்பியதைப் பார்த்தது, அதையே எடுத்து மறுபடி வாயில் வைத்தது. இந்த முறை உள்ளே போனது வரவில்லை.

"க்கா."

வாசலில் லாரிக்காரன். குழந்தையின் துணிமணி எடுத்துப்போகத் தோளில் ஒரு காலிப் பை தொங்கியது. எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"உள்ள வா, தம்பி. நான் எழுந்திரிச்சா இவ நிறுத்திருவா."

அவன் செருப்பைக் கழற்றினான். இந்த வீட்டுக்குள் அவன் வந்து வெகு நாளாயிற்று. சுவரோரம் குந்தினான். குழந்தை அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது. தன் முன்னால் கிடந்த துண்டு தீர்ந்ததும், பெரியம்மா கையிலிருந்த துண்டைப் பிடுங்கியது.

"அவங்க அம்மாவும் இப்படித்தான்" என்றான் அவன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அவ தட்டுல மலையாட்டம் இருக்கும். ஆனா என் தட்டுலதான் கைய வைப்பா."

"என் தட்டுலயுந்தான்" என்றாள் அடுத்தக்கா. "சின்னதுல கைய அடிச்சே ஒடிச்சிருப்பேன்."

"அடிச்சீங்களா?"

"கரண்டியால."

தங்கை போன பிறகு இவர்கள் இருவரும் அவளைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. பேசியதும் அவ்வளவுதான். யாரும் அழவில்லை. அடுத்தக்கா தட்டைப் பக்கவாட்டில் நகர்த்தினாள்.

"எடுத்துச் சாப்பிடு. உப்பு இருக்காது."

அவன் ஒன்றை எடுத்துக் கடித்தான். "ஐயய்யோ" என்றான்.

"தெரியும். மென்னு காட்டு. அவ பாக்கறா."

அவன் மென்று காட்டினான். முன்பல் தெரியக் கொஞ்சம் கூடுதலாகவே மென்றான். குழந்தை அதைக் கவனித்தது. வெளியே யாரோ பின்பக்கமாக வண்டி எடுக்கும் சத்தம் கேட்டது. அவன் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான்.

"எங்க அக்கா வழி பாத்துக்கிட்டு இருக்கும். நான் என்ன சொல்றது?"

"இங்கயே இருக்கட்டும்" என்றாள் அடுத்தக்கா. வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடும் அதே குரல்தான். வேறு குரல் அவளிடம் இல்லை.

"உங்களுக்குக் கஷ்டங்க்கா."

"கஷ்டந்தான். இருந்தாலும் இங்கயே இருக்கட்டும்."

அவன் குழந்தையின் முகத்தைப் பார்த்தான். இமையில் கூடக் கிழங்கு ஒட்டியிருந்தது. "சரி" என்றான். பிறகு, "வாரத்துல ஒரு நாளு நானும் இங்க சாப்பிடறேன். உப்பு போட்டு வைங்க."

"போட்டு வைக்கறேன்."

அவன் கிளம்பிய பிறகு தரையைத் துடைத்தாள். ஒரு துண்டு கிழங்குக்கு இவ்வளவு குப்பையா என்று ஆச்சரியமாக இருந்தது, அதாவது ஆச்சரியப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. அன்றைக்கு அவளுக்கு வயிறு நிறைந்திருந்தது. தூக்கம் வழக்கம்போலத்தான் வந்தது, துண்டு துண்டாக.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்ற வைத்தாள். மூடி வைத்திருந்த பூசணி கண்ணில் பட்டது. அடுத்தது என்று கை அதை நோக்கிப் போனது. வேண்டாம் என்று திருப்பி வைத்து, உருளைக்கிழங்கையே எடுத்து வேகப் போட்டாள். பூசணியைத் தனக்கு என்று தனியாக வதக்கிக்கொண்டாள், ஸ்டூலில் ஏறி உப்பு எடுத்துப் போட்டு. குழந்தையை எதிரே உட்கார வைத்து இருவரும் அவரவர் தட்டில் சாப்பிட்டார்கள். குழந்தை நேற்றைவிடக் குறைவாகத்தான் தின்றது. பரவாயில்லை, அதுவும் ஒரு நாள் கணக்குத்தான்.

பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கித் தையல்காரியின் கதவைத் தட்டினாள்.

"நாளையிலேர்ந்து இவ தூங்கறதுக்கு முன்னாடி சாப்பிடு. இவளுக்கு எதிர்ல உக்காந்து."

"எப்படிடி? எனக்கு என்ன நாலு கையா?"

"நான் மத்தியானம் பரிமாறி முடிச்சதும் ஓடி வந்துர்றேன். ரெண்டு தட்டு எடுத்துட்டு வர்றேன். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"கேன்டீன் சோறா?" தையல்காரியின் முகம் மலர்ந்தது. "முதல்லயே சொல்ல வேண்டியதுதான!"

மேலே வந்தபோது லாரிக்காரனின் பை போட்ட இடத்திலேயே கிடந்தது. மறந்துவிட்டுப் போயிருந்தான். நல்ல கனமான துணி, தையலும் உறுதி. உதறிப் பார்த்தாள். அடுப்படியில் தரையில் உருண்டு கொண்டிருந்த வெங்காயத்தை எல்லாம் அதில் போட்டு, ஆணியில் மாட்டினாள்.